பத்து ரூபாயும் பழைய புடவையும்

பத்து ரூபாய்! பழைய புடவை ஒன்று!

சந்தையிலே ஆட்டுக்குட்டி பிடித்த கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! ஒரு சிறுமிக்குத் தரப்பட்ட விலை அது. பெற்றவர்களை வறுமை விரட்டிற்று. வாங்குவதற்குத் தாசி வீடு ஒன்று காத்திருந்தது. பேரம் முடிந்தது, பிள்ளை கை மாறியது. விலைபோன அந்தப் பிள்ளையின் பெயர் இராமாமிர்தம். பின்னாளில் சுயமரியாதை மேடைகளிலே சூறாவளியாய்ச் சுழன்றாரே, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அவரேதான்!

அம்மையார் பிறந்த ஆண்டு 1883. அடிமை மீது உரிமை கொண்டாடி எவரும் நீதிமன்றம் ஏற முடியாது என்று இந்தியாவில் வெள்ளைக்காரன் சட்டம் போட்ட ஆண்டு 1843. வரி பாக்கிக்காக எந்த அரசாங்க அதிகாரியும் ஆளை அடிமை என்று சொல்லி விற்கக்கூடாது என்றும் அந்தச் சட்டத்திலே எழுதி வைத்தார்கள். (எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.) ஆளை அடிமையாக விற்பதும் வாங்குவதும் குற்றம், சிறுமியரை விபசாரத்துக்கென விற்பதும் குற்றம் என்ற தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல். ஆக, அம்மையார் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அடிமை முறை ஒழிந்துவிட்டது, ஏட்டிலே! வீட்டிலே? பத்து ரூபாய், பழைய புடவை!

சட்டமும் இருந்தது, சந்தையும் இருந்தது. எப்படி?

அடிமை ஒழிப்பு என்றதும் நம் தோழர்கள் ஆபிரகாம் லிங்கன் பெயரைச் சொல்வார்கள். நாமும் மேடையிலே பலமுறை சொல்லியிருக்கிறோம்; கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். தவறில்லை. கருப்பின மக்களை ஆடுமாடு போல விற்ற நாட்டிலே, அடிமை முறை செல்லாது என்று 1865இல் அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்த போராட்டம் சாதாரணமானதல்ல. லிங்கனுக்கு முன்னே நடந்தவர்களும் உண்டு. ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாய்ப் பிறந்தவர். களவாக எழுத்துக் கற்று, 1838இல் தப்பி ஓடி, 1847இல் சொந்தமாகவே ஏடு தொடங்கினார். ஏட்டின் பெயருக்கு வட விண்மீன் என்று பொருள். தப்பி ஓடும் அடிமைக்கு இரவில் வழிகாட்டும் மீன். ஹேரியட் டப்மன் என்ற அம்மை, தான் தப்பியது போதாதென்று திரும்பத் திரும்ப அடிமை நாட்டுக்குள் நுழைந்து மற்றவர்களையும் அழைத்து வந்தார். அந்தப் போராட்டத்தின் வெளிச்சம் மராட்டியத்துக்கும் எட்டிற்று. சோதிபா பூலே 1873இல் அடிமைத்தனம் பற்றி எழுதிய நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். கடல் கடந்து ஒரு கை குலுக்கல்!

இவ்வளவும் சொல்லிவிட்டு நாம் மேடையை விட்டு இறங்கிவிடுவது வழக்கம். இறங்கக்கூடாது. விடுதலை பெற்றவன் மறுநாள் காலையில் எதைச் சாப்பிட்டான்? அதையும் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. வில்பர்ஃபோர்ஸ் போன்றவர்கள் ஆயுள் முழுவதும் உழைத்த உழைப்பின் பயன். அந்தச் சட்டத்தோடு இரண்டு கோடி பவுன் நட்டஈடும் ஒதுக்கினார்கள். யாருக்கு? முதுகிலே சவுக்கடி வாங்கியவனுக்கா? சவுக்கை வைத்திருந்தவனுக்கு! அடிமைக்கு ஒரு காசும் கிடையாது. மேலும் சில ஆண்டுகள் பயிற்சியாளன் என்ற பெயரில் அதே தோட்டத்தில் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அந்த நட்டஈட்டுக்காக வாங்கிய கடனை ஆங்கில அரசு அடைத்து முடித்தது 2015இல் என்றால் நம்புவீர்களா? நூற்றெண்பது ஆண்டுகள், எசமானர்களுக்குக் கொடுத்த பணத்துக்காக!

அமெரிக்காவிலாவது? விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் என்று 1865 சனவரியில் ஒரு தளபதி உத்தரவு போட்டார். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த குடியரசுத் தலைவர் அந்த ஆண்டிலேயே நிலத்தைப் பழைய சொந்தக்காரர்களுக்கே திருப்பித் தந்துவிட்டார். விடுதலையான மனிதன் அதே பருத்திக் காட்டுக்கு, அதே துரையிடம், வாரத்துக்கு உழப் போனான்.

அடிமை ஒழிந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! கப்பல்கள் நம் பக்கம் திரும்பின. 1834 முதல் மொரீசியசுக்கு, 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். இலங்கைக்கு ஒப்பந்தக் கப்பல்கூட வேண்டியிருக்கவில்லை. கங்காணி வந்தான், முன்பணம் கொடுத்தான், நடத்திக் கொண்டு போனான். நம் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து மலையகம் போன குடும்பங்கள் எத்தனை! கையிலே விலங்கில்லை. கங்காணியின் கணக்குப் புத்தகத்திலே கடன் இருந்தது. அது போதும். சங்கிலி காலில் இல்லை, தோழர்களே, குதிரில் இருக்கிறது! நெல் இருக்கும் இடத்திலே அவன் கட்டியிருக்கிறான். நாம் காலைத் தடவிப் பார்த்துவிட்டு விடுதலை விடுதலை என்று கூவுகிறோம்.

இதைப் புரிந்துகொண்டு, குதிரிலே கை வைத்தவர் ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

1886 சூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். ஊர் வாய் சும்மா இருக்குமா? மகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கு மனுப் போட்டபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா, அதிலும் தேவதாசி மரபில் வந்தவளின் மகளா என்று கனதனவான்கள் கொதித்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னார். மன்னர்களைப் புகழ்வது நம் தொழில் அல்ல. ஆனால் கொடுத்ததைக் கொடுத்தார் என்று எழுதுவதுதானே நேர்மை. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்த அந்தப் பெண், 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவர் ஆனார். அந்த ஆண்டு நவம்பரிலேயே, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

பொட்டுக்கட்டுவது ஏன் தலைமுறை தலைமுறையாக நடந்தது? பக்தியாலா? கணக்கைப் பார்ப்போம். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். வீடும் கொடுத்து, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்தான். கல்லிலே வெட்டி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் அது மானிய நிலமாயிற்று. கோயிலில் ஊழியம் செய்யப் பெண் இருக்கும் வரைதான் அந்தக் குடும்பத்துக்கு நிலம். பெண் இல்லையென்றால் நிலம் போகும். பாட்டிக்குப் பின் தாய், தாய்க்குப் பின் மகள். மகள் பிறக்காவிட்டால்? எங்கோ பசித்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை விலைக்கு வாங்கு! பத்து ரூபாய், பழைய புடவை! பொட்டு என்பது கடவுள் கட்டிய தாலி என்றார்கள். நாம் சொல்கிறோம், அது நிலப் பட்டாவிலே போட்ட முடிச்சு!

முத்துலட்சுமி அந்த முடிச்சை அவிழ்த்தார். 1929இல் அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. ஊழியத்துக்குக் கட்டுப்பட்ட மானிய நிலம் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டு, அந்தப் பெண்களுக்கே சொந்தமாக வழி பிறந்தது. கோயிலிலே ஆடாமலும் நிலத்தை வைத்திருக்கலாம். மகளைப் பொட்டுக்கட்டாமலும் கஞ்சி குடிக்கலாம். இலண்டனிலே எசமானர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். நியூயார்க்குக் கனவான்கள் அடிமைக்கு வாழ்த்து வழங்கினார்கள். புதுக்கோட்டைப் பெண் என்ன செய்தார்? கட்டுண்டவளின் கையிலேயே நிலத்தைக் கொடுத்தார்! உலக அடிமை ஒழிப்பு வரலாற்றிலே இதற்கு ஓர் இடம் உண்டு என்பது நம் எண்ணம். பாடப் புத்தகக்காரர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அதுவும் நம் சீமையிலிருந்துதான்! திருமயத்திலே 1887இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. முத்துலட்சுமிக்கு ஏறக்குறைய ஓராண்டு இளையவர். அதே சமஸ்தானம், அதே தண்ணீர். விடுதலைப் போரில் சிறை சென்றவர், சென்னை மேயராகிக் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிகோலியவர், நாவன்மையிலே நிகரற்றவர். அவரை நாம் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் அந்த நாவன்மையை அவர் எதற்குச் செலவிட்டார்? கலை போய்விடும், மரபு போய்விடும் என்று பொட்டுக்கட்டும் வழக்கத்துக்காக வாதாடினார். வெள்ளையனிடமிருந்து நாட்டை விடுவிக்கத் துடித்த நெஞ்சு, தேர்முட்டித் தெருவிலே ஒரு சிறுமியை விடுவிக்கத் துடிக்கவில்லை! முத்துலட்சுமி அவருக்குக் கொடுத்த பதிலடி என்று மேடைக்கு மேடை, ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். விட்டுவிடுவோம். அவர் கொண்டுவந்த சட்டமே போதுமான பதிலடி.

தாசிகளே எதிர்த்தார்களே என்று ஒரு கேள்வி வரும். எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற மேதைகள் எதிர்த்தார்கள். நம்மில் சிலர் அவர்களைப் பழித்துப் பேசுவதுண்டு. நாம் பேச மாட்டோம். அவர்கள் கேட்டது என்ன? எங்கள் கலைக்கு என்ன வழி, எங்கள் சொத்துக்கு என்ன வழி, எல்லோரையும் ஒரே பெயரால் இழிவுபடுத்துவது நியாயமா? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். சொத்துக்கு 1929 சட்டம் விடை சொன்னது. கலைக்கு? கோயிலிலிருந்து இறங்கிய ஆட்டம், சபாக்களிலே ஏறியபோது யார் வீட்டுப் பெண்கள் ஆடினார்கள், ஆட்டம் கற்றுக்கொடுத்த குலத்துப் பெண்கள் எங்கே போனார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் முத்துலட்சுமி கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியாரின் கைதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கி எறிந்தார். புகலிடம் தேடி வந்த பெண்களுக்காகத் தம் வீட்டுக் கதவைத் திறந்தார்; அவ்வை இல்லம் பிறந்தது. மசோதா என்ன ஆயிற்று? தூங்கிற்று. 1937இல் காங்கிரசு ஆட்சி வந்தது, இராசகோபாலாச்சாரியார் முதல்வர். 1939இல் கோயில் நுழைவுக்குக் காப்புச் சட்டம் வந்தது, பொட்டறுப்புக்கு வரவில்லை. இந்தி வந்தது! அந்த இந்தியை எதிர்த்து 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட தமிழர் படையிலே நடந்தவர் யார்? பத்து ரூபாய்க்கு விலைபோன அதே இராமாமிர்தம்! சிறைக்கும் போனார்.

அவர் சட்டமன்றம் ஏறவில்லை. ஊர் ஊராய், தெருத் தெருவாய்ப் போனார். பொட்டுக்கட்ட நாள் குறித்த வீட்டு வாசலிலே நின்று வாதாடினார். தம் குலத்துப் பெண்களுக்குத் திருமணம் செய்து வைத்தார். 1936இல் தாசிகள் மோசவலை என்று ஒரு நாவலை எழுதி, மைனர்களின் மானத்தைக் கப்பலேற்றினார். டாக்டர் படித்தவர் மன்றத்திலே, பாடுபட்டவர் மக்களிடத்திலே. இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் 1947இல் அந்தச் சட்டம் நிறைவேறியிருக்காது. ஓமந்தூராரின் ஆட்சி அதை நிறைவேற்றியது, பதினேழு ஆண்டுகள் கழித்து. அப்போதும் ஒரு வேடிக்கை! புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சென்னைச் சட்டங்கள் நம் எல்லையிலே நின்றுவிடும். 1948 மார்ச்சு 3இல் சமஸ்தானம் இணைந்த பிறகே அவை இங்கே கால் வைத்தன. நாட்டுக்கெல்லாம் சட்டம் செய்த மகள், பிறந்த வீட்டுக்குச் செய்ய முடியாமல் இருந்தார்.

சுயமரியாதை இயக்கம் ஒருபடி மேலே போயிற்று. செங்கற்பட்டு மாநாட்டிலே, அதுவும் 1929தான், பெண்ணுக்கு ஆணோடு சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்டது. தாசிக்கு நிலம், சரி; மனைவிக்கு? மகளுக்கு? அந்தத் தீர்மானம் சட்டமானது கலைஞர் ஆட்சியிலே, 1989இல். அறுபது ஆண்டுகள்! டில்லி விழித்துக்கொண்டது 2005இல். மூவலூர் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டம் தொடங்கியதும் 1989இல்தான். 2022இல் அது அரசுப் பள்ளி மாணவிகள் உயர்கல்வி படிக்க மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமாக உருமாறியது. பெண் குழந்தையைப் பத்து ரூபாய்க்கு விற்ற நாடு, அந்தக் குழந்தையின் பெயரால் பெண்களைப் படிக்க வைக்கப் பணம் கொடுத்தது என்று மார்தட்டலாம். தட்டிக்கொள்வோம், ஒருமுறை. பிறகு கையை இறக்கிவிட்டுக் குடுமியான்மலைப் பக்கம் போவோம்.

கல் உடைக்கிறார்கள் அங்கே. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சட்டப்படி கடன் ஒழிந்தது, கட்டு ஒழிந்தது. ஆனாலும் நம் மாவட்டக் கல்குவாரிகளிலே முன்பணம் வாங்கிய குடும்பங்கள் குத்தகைக்காரனுக்குக் கட்டுப்பட்டே கல் உடைத்தன. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை சம்மட்டி பிடித்தான். 1990களின் தொடக்கத்தில் மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் ஒரு காரியம் செய்தார். கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். எந்த ஆட்சியில் என்று கேட்காதீர்கள். நல்லதை நல்லது என்போம். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் கூலிகளாக இருந்து குத்தகைதாரர்கள் ஆனார்கள். கல்லின் விலை என்ன, லாரிக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். அறிவொளி இயக்கத்திலே எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் விடக் கற்றார்கள். புதுக்கோட்டைச் சாலைகளிலே பெண்கள் கூட்டங் கூட்டமாகச் சைக்கிளில் போனதை வெளிநாட்டான் வந்து படம் பிடித்தான்! குதிரின் சாவி கைக்கு வந்ததும் கால் தானாக மிதிக்கத் தொடங்கிற்று.

பழைய ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. நெருக்கடி மேல் நெருக்கடி கொடுத்தார்கள். கலெக்டர் மாறினார். சாவியைப் பிடுங்க ஆள் எப்போதும் தயார்!

இன்று அந்தச் சங்கிலிக்கு முன்பணம் என்று பெயர், அட்வான்சு என்று செல்லப் பெயர். செங்கல் சூளையிலே, கல்குவாரியிலே, மரம் வெட்டும் கூப்பிலே. மகள் திருமணத்துக்கு வாங்கினான், மருத்துவச் செலவுக்கு வாங்கினான். கடன் தீரும் வரை வேறிடம் போகக்கூடாது என்று சொன்ன அந்த நிமிடமே அது குற்றம். 1976 சட்டத்திலே ஒரு நல்ல பிரிவு இருக்கிறது, தோழர்களே, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் கொத்தடிமை என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் பணம் கொடுத்தவன்தான். மூன்றாண்டு வரை சிறை உண்டு. மீட்கப்பட்டவருக்கு மறுவாழ்வுத் தொகை ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் வரை என்று 2016இல் நடுவண் அரசு திட்டம் போட்டது. அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள்! எசமானன் குற்றவாளி என்று தீர்ப்பானால்தான் முழுத் தொகை. 1833இல் எசமானனுக்கு இரண்டு கோடி பவுன் கொடுத்தவர்கள் எந்தக் குற்றத் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்?

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டிவிடுவோம். குவாரி ஏலத்திலே நிற்பவர்கள் எல்லாம் எதிர்முகாம்காரர்கள்தானா? சூளை வைத்திருப்பவன் காரிலே நம் கொடி பறந்தால், அவன் கொடுத்த முன்பணம் கடனுதவி ஆகிவிடுமா? மாநாட்டுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார், நன்கொடை கொடுத்தார் என்று வட்டச் செயலாளர் வாயை மூடிக்கொண்டால், திருமயத்துத் தீரரைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

போன மாதம் கீரனூர்ப் பக்கம் ஒரு கூட்டம் முடிந்து தேநீர்க் கடையிலே நின்றோம். கல் தூசி படிந்த தலையோடு ஒரு பெரியவர் வந்தார். அம்மையார் கதையை மேடையிலே கேட்டாராம். “பத்து ரூபாய் என்றீர்களே தம்பி, நான் வாங்கினது முப்பதாயிரம். வருசம் நாலாச்சு, இன்னும் முப்பதாயிரமாகவே நிக்குது” என்றார். பேரைக் கேட்டோம்; சொல்லத் தயங்கினார். குவாரி யாருடையது என்று கேட்டோம், சுற்றுமுற்றும் பார்த்தார். நம்மோடு நின்ற தோழர் ஒருவருக்கு அந்தக் குவாரிக்காரரைத் தெரிந்திருந்தது, அவரும் பேசவில்லை. கோட்டாட்சியருக்கு மனு எழுதலாம், நாங்கள் கூட வருகிறோம் என்றோம். வருகிற செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தோழரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.